புலிக் கம்பளியும் சிவப்புக் குறியும்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு வேலை உண்டு. ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வருவார். "சாப்டியா, புள்ள சாப்டுச்சா" என்று கேட்பார். அடுத்த பேச்சு, "வீட்டக் காட்டு."

உடனே நான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து கிளம்ப வேண்டும். கேட், வாசல் சுவர், கூடம், அடுப்படி, மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி. சுவரில் புதிதாக ஒரு கீறல் இருந்தால் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "மெதுவாப் போடி, தலை சுத்துது" என்று அங்கிருந்து அதட்டல் வேறு. வெளிநாடு போவதை எங்கள் ஆட்கள் 'பயணம்' என்றுதான் சொல்வார்கள். பயணம் போனவர்களின் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தச் சுற்று உண்டு. வீட்டைக் கட்டுவதும் போனில், பார்ப்பதும் போனில். எங்கள் வீட்டு டைல்ஸ் கலரை அவர் போனில்தான் பார்த்துச் சொன்னார். மேஸ்திரியைத் திட்டியதும் போனில்தான். கட்டியவர் அவர், குடியிருந்தவள் நான். லீவில் வந்தால் தங்குவார், அவ்வளவுதான்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் கூப்பிடுவதற்கு முன்னால், நான் பீரோ மேலிருந்து புலிப் படம் போட்ட கம்பளியை இறக்கி வாசல் சுவரில் தொங்கவிட்டேன். வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒரு தடவையாவது தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்தக் கம்பளி. நம்மூர் வெயிலுக்கு அதை எவர் போர்த்துவார்? எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது, அன்றிலிருந்து பீரோ மேலேயே கிடந்தது. இப்போதுதான் அதற்கு ஒரு வேலை வந்தது. அது மறைத்த இடத்தில் சிவப்புப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறியும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தன.

அந்த வாரம்தான் குறி போட்டார்கள். டேப்போடு நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் அளந்தார், ஒருவர் எழுதினார், பெயிண்ட் டப்பா வைத்திருந்தவர் சரக் சரக்கென்று இரண்டு இழுப்பு இழுத்தார்.

"என்னா சார் இது?" என்றேன்.

"நீர்நிலைம்மா. வாய்க்கா பொறம்போக்கு. கோர்ட் ஆர்டர். நோட்டீஸ் வரும்."

"வீட்டு வரி கட்றோம் சார். கரண்ட் பில்லு கட்றோம்."

"எல்லாருந்தாம்மா கட்றாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மனிதர் வெயிலில் களைத்துப்போய், குடிக்கத் தண்ணீர் வேறு கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பெயிண்ட் காயாமல் குறியின் ஒரு கால் வழிந்து தரைவரை வந்தது.

சிதம்பரத்துக்கும் அண்ணாமலை நகருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. அந்தக் காலத்தில் யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம். பட்டா வரும் வரும் என்றார்கள். வரவில்லை. பெருமழை பெய்த வருஷம் அதே வாய்க்கால் எங்கள் கூடத்துக்குள் இடுப்பளவு வந்து நின்றது. அப்போது நானே மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "தண்ணி போற வழியெல்லாம் அடைச்சி வச்சா எங்கதான் போவும்?" என்று கத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டைச் சொல்லவில்லை, கீழண்டை இருக்கிற வீடுகளைச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான், அவரவருக்குக் கீழே இருக்கிற வீடுகளைச் சொன்னோம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்பு விவசாயக் குடும்பம், இப்போது அவர் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். குறி போட்ட அன்று சாயங்காலம் நான் சுண்ணாம்பு வாளியோடு வாசலுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி, அழிச்சிடாதடி! குறி இருக்கிற வீட்டுக்குத்தான் மாத்து வீடு குடுப்பாங்களாம். அழிச்சேன்னு வையி, இடிக்கிறதுக்கு உன் வீடு இருக்கும், குடுக்கிறதுக்கு இருக்காது."

"அப்ப அவருக்கு என்னாக்கா பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை வாசலக் காட்டச் சொல்வாரே."

"மறைச்சி வையி. அழிக்காத."

அதனால்தான் கம்பளி.

எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். பயணம் போனவருக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். அங்கே தனியாகக் கிடக்கிற மனிதர், கேட்டுவிட்டு என்ன செய்வார்? என்னைப் பெற்ற அத்தா மௌத்தானதைக்கூட அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குச் சொன்னோம். ஆனால் என் பயம் அதைவிடப் பெரியது. அந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழித்து அவர் ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தார். "போதும்டி. இனிமே அந்த மாடிப்படியில உக்காந்து டீ குடிச்சிட்டுக் கெடக்கப்போறேன்" என்பார். கூடத்துக்குள்ளேயே ஏறுகிற படி அது. கறுப்பு கிரானைட் போட்டது. வீட்டிலேயே அவருக்குப் பிடித்த இடம். வீடு இல்லை என்று தெரிந்தால் வரமாட்டார். எனக்கு என் ஆளைத் தெரியாதா? இன்னொரு வீட்டுக்காக இன்னொரு பாதி ஆயுளை அங்கேயே தள்ளிவிடுவார். வீடு போனால் போகட்டும், மனுஷன் வந்து சேரட்டும். எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் சண்டை வந்தது.

அவர் இருந்த நாட்டின் பேரைச் சொல்ல வேண்டாம். அந்த நாடு சண்டையில் இல்லவும் இல்லை. ஆனால் யாரோ யாரையோ அடிக்க விட்ட ராக்கெட்டெல்லாம் அந்த ஊர் வானத்து வழியாகத்தான் போயின. போகிற வழியில் சில விழுந்தன. விமானங்கள் நின்றுபோயின. ஏ.சி. ரிப்பேருக்குப் போன மனுஷனுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

சாயங்காலமானால் டிவியில் விவாதம். அந்த நாட்களில் எனக்கு டிவியைப் பார்க்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. முதலில் நீர்நிலை ஆக்கிரமிப்பு. இடிக்கலாமா கூடாதா, மாற்று இடம் கொடுத்துவிட்டு இடிக்க வேண்டுமா இடித்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால் பிழைப்புக்கு என்ன வழி என்று ஒருவர், அடுத்த வெள்ளத்தில் சாகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்று இன்னொருவர். விளம்பரம் முடிந்து பார்த்தால் அதே மேஜை, அதே தண்ணீர் கிளாஸ், அதே நாலு பேர், இப்போது வெளியுறவுக் கொள்கை. நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தப் பக்கமும் நிற்காமல் இருந்தால் என்ன லாபம், கச்சா எண்ணெய் எவ்வளவு ஏறும். பின்னால் ஒரு படம், அதில் கடல் மேல் சிவப்பு அம்புகள் பாய்ந்துகொண்டே இருக்கும். முதல் பாதியில் என் வீட்டைப் பேசினார்கள், அடுத்த பாதியில் என் வீட்டுக்காரரைப் பேசினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எண்ணெய் எண்ணெய்ங்கிறானே, எண்ணெய்க்கடைக்காரன்! அங்க ரூமுல கெடக்கிற ஆளுங்க என்னா பண்றாங்கன்னு ஒருத்தனாவது கேக்குறானா பாரு" என்று நான் கத்துவேன். என் மகள் கடலூரில் காலேஜில் படிக்கிறாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, அவுங்களுக்குக் கேக்காது, அமத்து" என்பாள். அமத்த மாட்டேன். அமத்தினால் அந்த நேரம் பார்த்து ஏதாவது விழுந்துவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

பகலில் வேலைக்குப் போனாலும் விடவில்லை. அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுத்து, பைண்டிங் செய்ய அனுப்ப வேண்டும். அந்த வருஷம் என் மேஜையில் என்ன வந்து விழுந்தது தெரியுமா? ஒருத்தி நகரத்து ஏழைகளின் மறுகுடியமர்வுக் கொள்கை என்று எழுதிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தன் மேற்காசியப் போரும் நம் வெளியுறவும் என்று கொண்டு வந்தான். அல்லாஹ் என்னைச் சோதிப்பதற்கு ஜெராக்ஸ் கடைக்கே ஆள் அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன். 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற வார்த்தையை அடிக்கும்போதெல்லாம் விரல் சில்லென்று ஆகும்.

அந்தப் பெண் நல்ல பெண். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க ஏரியாவுல ஆக்கிரமிப்பாளர் யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா? பேட்டி எடுக்கணும். பேரெல்லாம் போட மாட்டேன்."

"தெரியாதும்மா" என்றேன். சொல்லியிருந்தால் அவள் என்னைத் தின்றுவிடவா போகிறாள்? ஆனால் சொல்லிவிட்டால் அது எங்கேயோ அச்சாகி, எப்படியோ சுற்றி, அவர் காதுக்குப் போய்விடும் என்று தோன்றியது. பயந்த மனசுக்கு எல்லா வழியும் அந்த ஒரு ஊருக்குத்தான் போகும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவர் நிறுத்தினார்.

"அந்தக் கம்பளிய எதுக்கு வெளியில போட்டிருக்கே? போன வாரமும் பாத்தேன்."

"பூச்சி அரிக்குது மச்சான். வெயில்ல காய வைக்கிறேன்."

"உம்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் அவர் கட்டிலில் சாய்ந்தபோது கையிலிருந்த போன் வழுக்கி, ஒரு விநாடி காலைக் காட்டியது. ஷூ போட்டிருந்தார். லேஸ் இறுக்கிக் கட்டிய வேலை ஷூ. லீவு நாளில், கட்டிலில், ஷூவோடு! இங்கே நான் செருப்போடு அடுப்படிப் பக்கம் வந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன் அவர். படுத்திருக்கிறவர் எதற்கு ஷூவோடு படுத்திருக்கிறார்? எழுந்து ஓடுவதற்கு. வேறு எதற்கு?

"சண்டையெல்லாம் உங்க பக்கம் இல்லல்ல மச்சான்?" என்று கேட்டேன்.

"சேச்சே. அது எங்கியோ தூரத்துல. டிவிக்காரன் சொல்றதக் கேட்டுட்டு உக்காந்திருக்காத."

"ஆமாமா, நான் எங்க பாக்குறேன்."

இப்படி ஒரு பொய்க்கு ஒரு பொய் கொடுத்துவிட்டுப் போனை வைத்தோம். வைத்த கையோடு போய் டிவியைப் போட்டேன்.

நோட்டீஸ் வந்தது. பெருநாள் வந்து போயிற்று. அவர் வருகிற பேச்சையே காணோம். நானும் விமானம் இல்லாத கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடு. வீட்டுக்கு ஒண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணு" என்றார். இரண்டு மனுவையும் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் பெண் போலீஸ் ஒருவர் என் பையைத் திறந்து பார்த்தார். தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து மோந்து பார்த்தார். எதற்கு என்று ஒரு கணம் புரியவில்லை. பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் எடுத்தாந்து ஊத்திக்குவோம்னு பாக்குறாங்க." அப்படியானால் என் மாதிரி மனு கொண்டு வந்தவர்களில் அந்த அளவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் என் மாதிரிதானே சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருப்பார்கள்!

உள்ளே ஓர் அதிகாரி இரண்டு மனுவையும் பொறுமையாகப் படித்தார். திட்டவில்லை, விரட்டவில்லை. "வீட்டு விஷயம் கோர்ட்டு உத்தரவும்மா, எங்க கையில இல்ல. மாத்து வீட்டுக்கு எழுதி வைக்கிறேன். வெளிநாட்டு விஷயம் டெல்லிதான் பாக்கணும், மேல அனுப்புறேன்" என்றார். அப்புறம் இரண்டாவது மனுவை மறுபடி பார்த்து, "ஊருக்கு வந்தா தங்குற விலாசம்னு இந்த வீட்டத்தானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

மகள் காலேஜ் முடிந்து வர, இருவரும் ரயிலுக்காகத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அப்போது போன் அடித்தது. அவர். திங்கட்கிழமை. திங்கட்கிழமை அவர் கூப்பிட்டதே கிடையாது. யா அல்லாஹ்! எடுத்தால், முகம் வேர்த்திருந்தது. பின்னால் இருட்டு. வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது.

"சும்மாத்தான் கூப்பிட்டேன். நல்லா இருக்கியா? புள்ள எங்க?"

"பக்கத்துலதான் இருக்கா. என்னாச்சு மச்சான்?"

"ஒண்ணும் ஆவல. சும்மா மூஞ்சப் பாக்கலாம்னு."

அவர் பக்கம் ஊவென்று ஒரு சத்தம் ஏறி இறங்கியது. "அது என்னா சத்தம்?"

"ஆம்புலன்ஸு" என்றார். "நீ எங்க இருக்கே?"

"கடைத்தெருவுல, காய் வாங்க வந்தேன்."

என் வாய் மூடுவதற்குள் தலைக்கு மேலே ஸ்பீக்கர், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷன் பேரையும் விடாமல் சொல்லித் தொலைத்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடலூரில் எனக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் அத்தனை நேரமா கத்தும் என்று நானும் கேட்கவில்லை. மகள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, பத்திரம்" என்றார். அவர் முகம் நின்றுபோய், படம் போய்விட்டது. ரயில் வந்தது. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்தப் 'பத்திரம்'தானோ என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எனக்குத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் செய்யவில்லை. கூப்பிட்டார். வழக்கம்போல, "வீட்டக் காட்டு." கேட்டிலிருந்து கிளம்பினேன். வாசல் தாண்டுவதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

"கம்பெனியில ஊருக்குப் போறவங்க பேரு குடுக்கலாம்னாங்க. பஸ்ஸுல பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோயி அங்கிருந்து ஏத்தி விடுறாங்களாம்."

போனை என் முகத்துக்கு நேரே திருப்பினேன். "குடுத்துட்டீங்களா?"

"இல்ல. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். ஆளுங்க போயிட்டா இங்க வேலை ஜாஸ்தி. இருக்கிறவனுக்குச் சம்பளம் கூடப் போட்டுக் குடுப்பாங்க."

"எதுக்குக் கூட? ஒரேயடியா வர்றேன்னுதானே சொன்னீங்க?"

"முன்னால செலவு இருக்கில்ல?"

"என்னா செலவு?"

அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் எதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியும். வீடு போகப்போகிறது என்று தெரியும். தெரிந்துதான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எது நடக்கக் கூடாதென்று நான் மறைத்தேனோ அதுவே நடந்துகொண்டிருந்தது.

கம்பளியைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே தள்ளினேன். "பாருங்க! நல்லாப் பாருங்க! இடிக்கப்போறாங்க. தேதி போட்டு நோட்டீசும் ஒட்டியாச்சு. போதுமா?"

"தெரியும்டி" என்றார் மெதுவாக. "மொத வாரமே தெரியும். பங்குனி வெயில்ல எவளாச்சும் அந்தக் கம்பளிய வெளிய எடுப்பாளா? ஊர்ல ஆள விட்டு விசாரிச்சேன்."

"நீங்க ஷூவோட தூங்குறது எனக்குத் தெரியாதா? ஆம்புலன்ஸாம் ஆம்புலன்ஸு!"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. போனைத் திருப்பினார். அவர் ரூமில் இல்லை. ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் இருந்தார். படிக்கு ஓர் ஆளாக, தலையணையும் தண்ணீர் பாட்டிலுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். எல்லார் காலிலும் ஷூ.

"ஜன்னல் இல்லாத எடம் இதான்" என்றார். "சைரன் அடிச்சா எல்லாரும் படிக்கட்டுக்கு வந்துடணும். இப்பல்லாம் நாங்க ரூமுக்குப் போறதே இல்ல, இங்கியே கெடக்குறோம்."

நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. தெருவே கேட்கக் கத்தினேன். "எந்த வீட்டுக்காக அங்க உக்காந்திருக்கீங்க? இந்த வீடுதான் போகப்போவுதே! நீங்களும் போயிட்டா நான் எதக் கட்டிக்கிட்டு அழுவுறது? ரோட்டுல கெடந்தாலும் மூணு பேரா கெடப்போம். போயி பேரக் குடுங்க. இப்பவே போங்க!" பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்து வந்து பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் வந்து போனைப் பிடுங்கினாள். அவள் கத்தவில்லை. "அத்தா, வாத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, "குடுக்கிறேன்" என்றார்.

பஸ் கிளம்பியது என்று ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பாலைவனத்தில் சிக்னல் இருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா? தொழுகைப் பாயிலிருந்து எழுந்திருக்கவே பயந்தேன். எழுந்தால் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிற துஆ அறுந்துவிடும் போல இருந்தது. டிவியில் அந்த நாலு பேர் எல்லையைத் திறப்பது யாருக்கு லாபம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அதை அணைத்தேன். பிறகு சென்னை விமான நிலையத்திலிருந்து வேறு யாருடைய போனிலோ அவர் குரல் வந்தது. "எறங்கிட்டேன்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று தொழுகைப் பாயிலேயே தலையை வைத்தேன்.

வந்தவர் கேட்டில் நின்று குறியைப் பார்த்தார். கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கூடம், அடுப்படி, மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி. போன் இல்லாமல் அவராகவே சுற்றினார். நான் பின்னாலேயே போனேன். இறங்கி வந்து கிரானைட் படியில் உட்கார்ந்து டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். இடிக்க வரும்வரை அவர் அந்தப் படியில்தான் உட்கார்ந்தார், அங்கேதான் தூங்கினார். கட்டிலுக்குக் கூப்பிட்டால், "இருக்கட்டும், இங்க நல்லா இருக்கு" என்பார். ஷூவைக் கழற்றவில்லை. வீடு போகிற துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜேசிபி வந்த அன்று சாமான்களைப் பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றியிருந்தோம். அவர்கள் வீடும் அன்றைக்குத்தான். அக்காவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். கூடம் லேசாக விழுந்துவிட்டது. படிதான் மல்லுக்கட்டியது. நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஜேசிபி டிரைவரே சொன்னார். வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு அது யார் வீட்டுக்குள்ளும் வராமல் இருந்தால் சரி.

மாற்று வீடு அடுக்குமாடியில் வரும் என்கிறார்கள். இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ரூம், ஒரு அடுப்படி. புலிக் கம்பளியை மடித்து ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டால் அவர் இங்கேதான், என் பக்கத்தில்தான் படுக்கிறார். இத்தனை வருஷம் நான் கேட்டது அதுதானே!

போன வெள்ளிக்கிழமை அப்படிப் படுத்திருந்தார். மகள் படித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஒரு சாவு ஊர்வலம் திரும்பியது. நம் பக்கத்தில் சாவுக்கு வெடி போடுவது எல்லாருக்கும் தெரியும். மேளத்தோடு சேர்ந்து படபடவென்று ஒரு சரம், அதற்கு மேல் ஒரு பெரிய வெடி. ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது.

அவர் எழுந்த வேகத்தில் என்னையும் இழுத்துவிட்டார். ஒரு கையில் நான், ஒரு கையில் மகள். ஷூ காலோடு பாயை மிதித்துக்கொண்டு, "படிக்கட்டுக்கு வா! படிக்கட்டுக்கு வாங்க!" என்று கத்தினார். கதவைத் திறந்தார். வெளியே ஒரு பக்கம் பக்கத்துப் போர்ஷன் சுவர், ஒரு பக்கம் துணி துவைக்கிற கல். அவர் இங்கும் அங்கும் திரும்பினார். பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்து குத்தியது.

"மச்சான், சாவு வெடி. யாரோ பெரியவரு போயிட்டாரு. வெறும் வெடிதான்."

அது அவர் காதில் விழவில்லை. முகமெல்லாம் வேர்த்து, சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "படிக்கட்டு எங்கடி?" என்று கேட்டார்.

"இந்த வீட்ல படிக்கட்டு இல்ல மச்சான்" என்றேன்.